நாற்பது பழம்

கம்பம் பள்ளத்தாக்கில் குடியிருக்கும் அத்தனை பேய்களின் உயரம், எடை, மார்பளவு மூன்றையும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லக்கூடிய ஒரே மனிதர் ஊசியண்ணன்தான். கூடலூர் சாலையில் ஒரு புளியமரத்தில் இருக்கும் முனிக்கு எடை நானூற்று இருபது கிலோ என்று அவர் சொன்னால் அது நானூற்று இருபதுதான். நானூற்றுப் பத்தொன்பது என்று சொல்லிவிட்டு நீங்கள் அவரோடு உட்கார்ந்து டீ குடிக்க முடியாது.

அவருடைய சொந்தப் பெயர் வாக்காளர் பட்டியலுக்கு மட்டும் தெரியும். தொழில், மாடுகளுக்குச் சினை ஊசி போடுவது. ஒரு பழைய மொபெட்டின் பின்சீட்டில், ஊசிக்கு வேண்டியதை உறைய வைத்திருக்கும் குளிர் கேனைக் கட்டிக்கொண்டு ஊர் ஊராகப் போவார். அந்தக் கேனின் மூடியைத் திறந்தால் வெள்ளை வெள்ளையாகப் புகை வரும். பிடித்த பேய்களை அவர் அதற்குள்தான் அடைத்து வைத்திருக்கிறார் என்று பாதிப் பிள்ளைகள் நம்பினார்கள். இல்லை என்று சொல்ல அவருக்கும் மனம் வந்ததில்லை.

இந்த மனிதரைப் பற்றி நான் முன்பே எழுதியிருக்க வேண்டும். எழுதாததற்கு ஒரே காரணம் வெட்கம். அவருக்கு நான் ஒரு காரியம் செய்தேன். அதை எழுதாமல் அவரை எழுத முடியாது, எழுதினால் என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியாது. இருந்தாலும் இன்றைக்கு எழுதிவிடுகிறேன்.

இரண்டாயிரம் பிறந்து ஒன்றிரண்டு வருடம் ஆகியிருந்த சமயம். நான் தமிழில் எம்.ஏ. முடித்துவிட்டு, கம்பத்தில் ஓர் அச்சகத்தில் பிழை திருத்திக்கொண்டிருந்தேன். முதலாளி ராவுத்தர். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை, திராட்சைப் பெட்டிக்கு லேபிள், இவைதான் வேலை. 'நிகழும் மங்களகரமான' என்ற வரியில் எவனாவது ஒரு துணைக்காலை விட்டுவிட்டால் உலகமே கவிழ்ந்ததுபோல் குதிப்பேன். அந்தப் பகுதியிலேயே ழகரத்தைச் சுத்தமாக உச்சரிக்கும் ஆள் நான் ஒருவன்தான் என்பது என் எண்ணம். எனக்கு அப்போது இருபத்து நான்கு வயது. அந்த வயதை மன்னிக்கலாம், அதற்குப் பிறகு செய்ததைத்தான் மன்னிக்க முடியாது.

ஒருநாள் ஊசியண்ணன் அச்சகத்துக்குள் வந்து, ஒரு சீட்டை மேஜைமேல் அடித்து வைத்தார். அந்தக் காலத்துப் பிள்ளைகள் கையில் எல்லாம் இருந்த குஸ்திச் சீட்டு. ஜட்டி மட்டும் போட்ட ஒரு வெள்ளைக்காரப் பயில்வான் படம், கீழே ரேங்க், உயரம், எடை, மார்பளவு. அவருடைய மகள் படிக்கிற நேரத்தில் இதை வைத்து ஆடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"பாத்தீகளா தம்பி? எங்கனயோ இருக்குற வெள்ளக்காரன் மாரு எத்தன இஞ்சுன்னு எம் மகளுக்குத் தெரியுது. நம்ம ஊரு முனிக்கு எத்தன இஞ்சுன்னு தெரியுமான்னு கேட்டேன். முழிக்கிறா!"

"உங்களுக்குத் தெரியுமாண்ணே?" என்றேன்.

"தெரியாது. அதேன் வருத்தம்" என்றார்.

மறுவாரமே டேப்பை எடுத்துக்கொண்டு அளக்கக் கிளம்பிவிட்டார். மாட்டை எடை போட அந்தத் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. மாட்டின் மார்புச் சுற்றளவை அதே அளவால் பெருக்கி, நீளத்தால் பெருக்கி, ஏதோ ஓர் எண்ணால் வகுப்பார்கள். அதே கணக்கைத்தான் அவர் எல்லைச் சாமிகளுக்கும் போட்டார். காமயகவுண்டன்பட்டிப் பக்கம் ஒரு சுதை முனிமேல் ஏறி, மார்பைச் சுற்றி டேப்பைக் கட்டிக்கொண்டிருந்தபோது திராட்சைத் தோட்டத்துக்குப் போன பெண்கள் பார்த்துவிட்டார்கள்.

"ஏடி, அந்த ஊசிக்காரரு சாமிக்குச் சட்ட தைக்கப் போறாகடி!" என்று ஒருத்தி கத்த, மருந்தடிக்கப் போனவர்கள் எல்லாம் கூடிவிட்டார்கள்.

மோகினிக்கு மட்டும் அவர் அளவு போடவில்லை. கேட்டதற்கு, "பொம்பளப் புள்ள தம்பி. மரியாதையா இருக்காது" என்றார்.

அளந்து முடித்ததும் படம் போட ஆரம்பித்தார். இதில்தான் ஒரு சிக்கல். இருபது வருடமாக மாட்டையே பார்த்த கை, மாட்டைத் தவிர வேறெதையும் வரைய மறுத்தது. முனிக்குத் திமில் வந்தது. கொள்ளிவாய்ப் பிசாசு நெருப்பை அசைபோட்டுக்கொண்டிருந்தது. ஏழு கன்னிமாரும் தொழுவத்தில் கட்டிய மாதிரி வரிசையாக நின்றார்கள். மோகினிக்கு நல்ல கண். ஆனால் அது காங்கேயம் பசுவின் கண். மதினி, அதாவது அவருடைய மனைவி, படங்களைப் பார்த்துவிட்டு ஒன்றுதான் கேட்டாராம்: "இதுல எதெது சினையா இருக்கு?"

ஆனால் எழுத்து இருக்கிறதே, அங்கே அந்த மனிதர் ராஜா. ஏலக்காய்த் தோட்டத்து மாடுகளுக்கு ஊசி போடக் குமுளிக்கு மேலே, கேரளத்துக்குள்ளும் போவார். அங்கிருந்து குட்டிச்சாத்தானையும் யட்சியையும் கேட்டுக்கொண்டு வந்தார். ஒவ்வொரு சீட்டிலும் எல்லை, பிடித்தது, பயப்படுவது என்று மூன்று வரி. யட்சிக்கு, 'பிடித்தது: வெற்றிலை போடச் சுண்ணாம்பு. கேட்டால் கையில் கொடுக்காதே, கத்தி நுனியில் கொடு.' பேய்களை அடக்க விளக்குமாறு, வேப்பிலை, பழைய செருப்பு என்று தனிச் சீட்டுகள். மொத்தம் ஐம்பத்து நாலு. 'எல்லைச்சீட்டு' என்று பெயர் வைத்தார். வரப்போகிற சித்திரைத் திருவிழாவுக்குள் இது பிள்ளைகள் கைக்குப் போய்விட வேண்டும், வெள்ளைக்காரப் பயில்வான்கள் ஜட்டியோடு ஊரைவிட்டு ஓட வேண்டும். அவருக்கு வேறு ஆசையே இல்லை.

அவர் எழுதிய நோட்டு என்னிடம் வந்தபோது எனக்குத் தலை சுற்றியது. பக்கம் முழுவதும் ஒரே ளகரம். காளை சரி. ஆனால் 'மளை', 'வாளைப்பளம்', 'வேப்பிளை' எல்லாமே ள.

"என்னண்ணே இது?"

"தம்பி, தமிள்ள மூணு ல எதுக்கு? குட்டி ல, பெரிய ள, வால் வச்ச ழ. மூணும் ஒரே வீட்டு அண்ணன் தம்பிக. நடுவுல உள்ளவனே மூணு பேரு வேலையும் பாத்துருவான். நான் அவன மட்டுந்தேன் கூப்புடுவேன்."

இலக்கணம் படித்த ஒருவனிடம் இதைச் சொல்லிவிட்டு அவர் நிம்மதியாக டீயை ஊதிக் குடித்தார். நான் அன்று ராத்திரி சரியாகச் சாப்பிடவில்லை.

அச்சடிக்கும் முன் ஆடிப் பார்ப்போம் என்று ராவுத்தர் சொன்னார். மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு, வெட்டிப்போட்ட காகிதக் குவியலுக்கு நடுவே மூவரும் உட்கார்ந்தோம். ராவுத்தர் முனியை இறக்கினார். நான் கருப்பை இறக்கினேன்.

"யாரு ஜெயிச்சது?" என்றார் ராவுத்தர்.

"யாருமில்ல. சாமியும் சாமியும் சண்ட போடக் கூடாது. கும்புட்டுட்டு வெலகிப் போயிரணும்."

"சரி, பேயும் பேயும்?"

"ஒரே மரத்துல இருக்குறதுக. அதுக எதுக்குச் சண்ட போடப்போகுதுக?"

"பேயும் சாமியும்?"

"சாமி எல்லைக்குள்ள பேய் வராதுல்ல? வெளக்குமாத்தக் கண்டாலும் ஓடிரும், சண்டைக்கு நிக்காது."

ராவுத்தர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப யாரு யாரு கூடதேன் சண்ட போடுறது?"

ஊசியண்ணன் இதை யோசித்திருக்கவில்லை. ஆட்டம் முடியவே இல்லை. நடுவில் ராவுத்தர் எழுந்துபோய்த் தொழுதுவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார். விளக்கு வைக்கும் நேரத்தில் மூவர் கையிலும் ஆரம்பித்தபோது இருந்த அதே சீட்டுகள் இருந்தன. "நல்ல விளையாட்டு. ஒருத்தருக்கும் கஷ்டமில்ல. எங்க ஜின்னுக்கும் ஒரு சீட்டு போட்டுருங்க, சும்மாதான இருக்கப் போகுது" என்று சொல்லிவிட்டு ராவுத்தர் கடையைச் சாத்தினார்.

அப்போதுதான் நான் வாயைத் திறந்தேன். "பலம்னு ஒரு நம்பர் போடுங்கண்ணே. யாருக்கு அதிகமோ அவங்க ஜெயிச்சாங்க. ஆட்டம் முடிஞ்சுரும்."

அவர் முகம் சுருங்கிவிட்டது. "சாமிக்கு மார்க்குப் போடுறதா? அவுக என்ன பத்தாவது பரீச்சையா எழுதுறாக?"

"நம்பர் இல்லாட்டி அது விளையாட்டே இல்லண்ணே. உலகம் பூரா இப்படித்தான்."

நான் உலகத்தில் கண்டது மதுரை வரைக்கும்தான். இருந்தாலும் படித்த பையன் சொல்கிறானே என்று ஒத்துக்கொண்டார். அரை மனதாக நோட்டில் ஒவ்வொரு பெயருக்கும் கீழே ஒரு வரி சேர்த்தார். 'பளம்: 80.' 'பளம்: 40.' எந்த லகரத்தில் எழுதினார் என்று சொல்ல வேண்டியதில்லை.

திருவிழா நெருங்கிவிட்டது. நோட்டில் இருந்ததை இருந்தபடி கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டேன், திருத்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று. திருத்த உட்கார்ந்தபோது முதல் சீட்டிலேயே 'பிடித்தது: வாளைப்பளம்' என்று இருந்தது. எரிச்சல் வந்தது. எத்தனை இடத்தில் தேடித் தேடித் திருத்துவது? 'பளம்' என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் 'பழம்' என்று மாற்று என ஒரே ஒரு கட்டளை கொடுத்தேன். கண் மூடித் திறப்பதற்குள் எல்லாம் மாறிவிட்டது. ராவுத்தரைக் கூப்பிட்டு, "பாருங்கய்யா, ஒரே அமுக்கு! அவ்வளவு பிழையும் போச்சு" என்று பெருமை அடித்தேன். அதற்குப் பிறகு மற்ற ளகரங்களை மேலோட்டமாகத் திருத்திவிட்டு, பிளேட் போட அனுப்பிவிட்டேன்.

வாசகர்களுக்குப் புரிந்திருக்கும். எனக்குப் புரியப் பத்து நாள் ஆனது.

திருவிழாவில் கட்டுகள் நன்றாகத்தான் போயின. ஊசியண்ணன் ராட்டினத்துக்குப் பக்கத்தில் மொபெட்டை நிறுத்தி, கேன் மூடியைத் திறந்து புகைவிட்டு விற்றார். பிள்ளைகள் அப்பிக்கொண்டார்கள். அன்று மாலையே ஒரு பெண்பிள்ளை திரும்பி வந்து நியாயம் கேட்டாள். "மாமா, இதுல எல்லாப் பேயும் பழம் விடுதே. எப்பத்தேன் சண்ட போடும்?"

எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் சண்டை வந்தால் சுண்டுவிரலைக் காட்டிக் காய் விடுவார்கள். சமாதானம் ஆனால் இரண்டு விரலை நீட்டிப் பழம் விடுவார்கள். எண்பது பழம் விடும் முனியை வைத்து அந்தப் பெண் என்ன செய்வாள்? ஊசியண்ணன் சீட்டைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "நல்ல யோசனையாத்தேன் இருக்கு" என்றாராம். அவருக்குப் பிழையே தெரியவில்லை. அவருக்குத்தான் மூன்றும் ஒன்றாயிற்றே.

தெரிந்தது வேறு ஆட்களுக்கு. மலையடிவாரத்து ஊர் ஒன்று. பெயர் வேண்டாம், எனக்கு இன்னமும் அந்தப் பக்கம் போகத் துணிச்சல் இல்லை. ஒரு மத்தியானம் டிராக்டரில் பதினைந்து பேர் அச்சகத்து வாசலில் வந்து இறங்கினார்கள். முன்னால் அந்த ஊர்ப் பூசாரி. கையில் ஒரு சீட்டு. அந்த நேரம் பார்த்து ஊசியண்ணனும் மொபெட்டை ஸ்டாண்ட் போட்டுக்கொண்டிருந்தார்.

"இதுல இருக்குறது யாரு?" என்றார் பூசாரி.

"உங்க காவக் கருப்புங்க" என்றார் ஊசியண்ணன் ஆசையாக.

"இதா கருப்பு? காள மாடு மாதிரில்ல இருக்கு! சரி, அத விடுங்க. கீழ என்ன போட்டுருக்கு? தமிழ் படிச்ச தம்பி வாசிக்கட்டும்."

நான் சீட்டை வாங்கினேன். வாசித்தேன். 'பழம்: 40.'

"எங்க சாமி கெடா திங்கிற சாமிய்யா!" பூசாரியின் குரல் உடைந்தது. "வெட்டுன ரெத்தம் ஈரம் காயுறதுக்குள்ள படையல் வைக்கணும். அம்புட்டுத் துடியான சாமி. அவருக்கு நாப்பது பழமா? அவரு என்ன ஆசுபத்திரியிலயா படுத்துக் கெடக்காரு, பழம் வாங்கிட்டுப் போய்ப் பாக்க?"

பின்னாலிருந்து இன்னொருவருக்கு வேறு வருத்தம். "பக்கத்து ஊரு முனிக்கு எம்பது பழம் போட்டுருக்காக. நம்ம சாமிக்குப் பாதிதேனா? என்ன கொறஞ்சு போனாரு?"

"பழமே வேணாங்குறோம், நீ என்ன எண்ணிக்கிட்டு இருக்க!" என்று பூசாரி அவர்மேல் பாய்ந்தார்.

சிரிக்கலாம். நானும் பிற்பாடு இதைச் சொல்லிப் பல இடங்களில் சிரிக்க வைத்திருக்கிறேன். ஆனால் அந்த நேரத்தில் யாரும் சிரிக்கவில்லை. கறி தின்னும் சாமியைப் பழம் தின்னும் சாமி ஆக்கிவிட்டார்கள் என்று அந்தப் பெரியவர் உண்மையாகவே அழுதுகொண்டிருந்தார். கூட வந்த இளவட்டங்கள் வேட்டியை மடித்துக் கட்டியிருந்தார்கள்.

"யாருய்யா இத அடிச்சது?"

என் வாயிலிருந்து வந்ததை நான் அப்படியே எழுதுகிறேன். "நோட்டுல எழுதிக் குடுத்ததத்தாங்க அடிச்சோம். பிழை எழுதுனவரோடது."

நோட்டு மேஜையின் மேல்தான் இருந்தது. அதில் இருந்தது பலமும் இல்லை, பழமும் இல்லை, பளம். அதைப் பழமாக்கியது என் ஒற்றை விரல். ராவுத்தர் கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். ஊசியண்ணனும் ஒருதரம் பார்த்தார். அவர் கோபமாகப் பார்த்திருந்தால் இத்தனை வருடம் நான் இதைச் சுமந்திருக்க மாட்டேன். கன்று ஈன முடியாமல் தவிக்கும் மாட்டிடம் போகும்போது வைத்துக்கொள்ளும் முகத்தைத்தான் என்னிடமும் வைத்துக்கொண்டார்.

பிறகு துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டார். "ஆமாங்கய்யா, நாந்தேன் எழுதுனேன். எனக்கு ல, ள, ழ மூணும் ஒண்ணுதேன். எல்லாம் அந்த நடு ள பண்ணுன வேல. தம்பி மேல ஒண்ணுமில்ல. அவுக படிச்சவுக."

அங்கேயே தீர்ப்பும் ஆனது. விற்ற கட்டுகளை எல்லாம் திரும்ப வாங்கி ஆற்றில் விட்டுவிட வேண்டும். சீட்டில் போட்ட ஒவ்வொரு சாமியின் எல்லைக்கும் நேரில் போய், விழுந்து கும்பிட்டுத் தப்புக் கேட்டு, திருநீறு வாங்கி வர வேண்டும். அதுவரைக்கும் ஊர் மாடுகளை அவர் தொடக் கூடாது. சேதி பரவி, சுற்றியிருந்த ஏழெட்டு ஊர்களும் அவருக்கு மாட்டைக் காட்டவில்லை. அதோடு பெயரும் மாறியது. ஊசியண்ணன் போய், கடைத்தெருவில் 'பழம்' வந்தார். "என்ன பழம், எங்கன கெளம்பிட்டீக?" விவரம் தெரியாத ஏமாளியையும் எங்கள் ஊரில் பழம் என்றுதான் சொல்வார்கள். ஆக அந்தப் பெயர் இரண்டு வகையிலும் நான் வைத்தது.

அவர்கள் போன பிறகு ராவுத்தர் ஒரே ஒரு வரி சொன்னார். "தம்பி, இங்கன பிழை திருத்துறவரு நீங்கதேன். நான் என்ன சொல்ல?"

அடுத்த வாரம் ஊசியண்ணன் வீட்டுக்குப் போனேன், சொல்லிவிடலாம் என்றுதான். அவர் இல்லை. மதினி மோர் கொண்டுவந்து கொடுத்தார். "தம்பி, நீங்கள்லாம் படிச்சவுக. பக்கத்துலயே இருந்துக்கிட்டு, இந்த மனுசனுக்கு ஒரு எழுத்தச் சரியாச் சொல்லிக் குடுக்கக் கூடாதா?" என்றார். நான் மோரைக் குடித்துவிட்டு, நல்லா இருக்கு என்று சொல்லிவிட்டு வந்துவிட்டேன்.

ஊசியண்ணன் தண்டனையைத் தண்டனையாகவே எடுத்துக்கொள்ளவில்லை. சாமிகளோடு நிறுத்தாமல் பேய்களிடமும் மன்னிப்புக் கேட்கக் கிளம்பினார். "அதுகளுக்கும் மனசு இருக்கும்ல தம்பி? கொள்ளிவாய்ப் பிசாசுக்குப் போயி முப்பது பழமுன்னு போட்டா அது என்ன நெனைக்கும்?" ஒரு சதுப்பு நிலத்தின் ஓரத்தில் நின்று, நெருப்பு எரியாதா என்று பார்த்து, எரியாததால் பொதுவாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்தார். ஜெயமங்கலம் பக்கத்தில் ஒரு வயலில் எந்த மரத்தில் பேய் என்று உறுதியாகத் தெரியாமல் பதினோரு மரத்துக்கும் தனித்தனியாக விழுந்து எழுந்திருக்கிறார். நடவு நட்டுக்கொண்டிருந்தவர்கள் யோகாசனம் என்று நினைத்தார்களாம்.

ஒரே ஒரு தடவை நானும் கூடப் போனேன். வருசநாட்டுக்கு. அன்று எப்படியும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று முடிவு செய்திருந்தேன். பின்சீட்டில் கேனைக் கட்டியிருந்ததால், மிச்சமிருந்த நாலு விரல்கடை இடத்தில் நான் ஒட்டிக்கொண்டேன். ஆண்டிபட்டி தாண்டியதும், "அண்ணே..." என்றேன். வண்டியை நிறுத்தி, "டீயா?" என்றார். குடித்தோம். கடமலைக்குண்டில் மறுபடியும், "அண்ணே, அன்னைக்கு..." என்றேன். "இங்கன டீ நல்லாருக்கும்" என்றார். குடித்தோம். வருசநாடு போய்ச் சேருவதற்குள் மூன்று டீ ஆயிற்று. உண்மை வெளியே வரவில்லை. வேறொன்றுதான் அவசரமாக வந்தது.

காட்டோரத்தில் ஒரு சாமி. கல்லும் சூலமும்தான். ஊசியண்ணன் நெடுஞ்சாண்கிடையாக விழுந்தார். எழுந்து நோட்டை எடுத்துக்கொண்டு கல்லைப் பார்த்துக் கேட்டார்: "ஐயா, ஒங்க பலம் என்னான்னு தெரியாம நம்பர் போட்டுட்டேன். சொல்லுங்க, எழுதிக்கிறேன்."

சாமி பேசவில்லை. பக்கத்தில் ஆடு மேய்த்துக்கொண்டிருந்தவர் பேசினார். "இவுக முன்னால வந்து நின்னுக்கிட்டுப் பொய்ய மறைச்சா நாக்கு தடிச்சுப் போயிரும்." ஊசியண்ணன் அதை எழுதிக்கொண்டார். பிறகு ஆட்டுக்காரர் என்னைக் காட்டி, "இது யாரு?" என்று கேட்டார்.

"இவுக தமிழ் படிச்சவுக. எனக்குத் துணைக்கு வந்துருக்காக."

அன்று மத்தியானம் சாப்பிடும்போது நாக்கைக் கடித்துக்கொண்டேன். மூன்று நாள் வீங்கிக் கிடந்தது.

கொஞ்ச நாளில் எனக்குச் சென்னையில் ஒரு வாரப் பத்திரிகையில் வேலை கிடைத்தது. பிழையில்லாத தமிழ் எழுதுபவன் என்று ராவுத்தர் சான்றிதழ் கொடுத்தார். என்ன நினைத்துக்கொண்டு கொடுத்தாரோ. அங்கே போனதும் அச்சில் வந்த என் முதல் எழுத்து எது தெரியுமா? 'சாமிக்குப் பழம் கொடுத்த அப்பாவி' என்று ஒரு துணுக்கு. அவரை வைத்து ஊரைச் சிரிக்க வைத்தேன். பிழை யாருடையது என்று அதிலும் எழுதவில்லை. வெளியான வாரமே பூத்திலிருந்து போன் வந்தது.

"தம்பி, படிச்சேன். நல்லாச் சிரிச்சேன். கடையில எல்லாருக்கும் காட்டுனேன், நம்ம தம்பி எழுதுனதுன்னு. ஒரே ஒரு பிழை. கருப்புக்கு நாப்பது. நீங்க அம்பதுன்னு போட்டுருக்கீக."

அதற்குப் பிறகு நான் அவருக்குப் போன் செய்யவில்லை. கம்பத்துக்குப் போனாலும் அவர் தெருவைச் சுற்றிக்கொண்டு போனேன்.

ஏழெட்டு வருடம் கழித்து, ராவுத்தர் பேத்தி கல்யாணம். தட்ட முடியவில்லை. பிரியாணிப் பந்தியிலிருந்து கை கழுவ வந்தபோது, மண்டபத்து மாடிப்படிக்குக் கீழே பிள்ளைகள் வட்டமாக உட்கார்ந்து சீட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். எட்டிப் பார்த்தேன். திமில் வைத்த முனி.

கட்டு புதிது. படங்கள் அதே மாடுகள்தான். ஆனால் கீழே நம்பர்கள் இல்லை. அந்த இடத்தில் ஒவ்வொரு சாமிக்கும், பேய்க்கும், அவர் ஊர் ஊராகப் போய் விழுந்து எழுந்து கேட்டு வந்த வரிகள். 'பலம்: முன்னால் நின்று பொய்யை மறைத்தால் நாக்கு தடிக்கும்.' 'பலம்: தொலைந்த ஆட்டைக் காட்டிக் கொடுக்கும்.' ராவுத்தரின் ஜின்கூட இருந்தது: 'பலம்: சும்மா இருப்பது.' எல்லாச் சீட்டிலும் பலம் குட்டி லகரத்தில் இருந்தது. வாழைப்பழம் ழகரத்தில் இருந்தது. இடைப்பட்ட வருடங்களில் அந்த மனிதர் மூன்று அண்ணன் தம்பிகளுக்கும் வேலையைப் பிரித்துக் கொடுத்துவிட்டார். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, நான் சொல்லிக் கொடுக்கவில்லை.

அப்போது ஒரு சிறுமி தன் கையில் வந்த சீட்டைப் பார்த்து, "அய்யோ, எழுத்துப்பேய்!" என்று தலையில் அடித்துக்கொண்டாள். வாங்கிப் பார்த்தேன். ஒரு கன்றுக்குட்டி. மூக்கில் கண்ணாடி. காதில் பேனா. அந்தக் கண்ணாடி நான் அச்சகத்தில் போட்டிருந்த அதே ஒரு பக்கம் சாய்ந்த கண்ணாடி.

'எழுத்துப்பேய். எல்லை: அச்சாபீஸ். பிடித்தது: டீ. பயப்படுவது: கூட்டம். துணைக்கு வரும்.'

அதற்குக் கீழே, பலம் இருக்க வேண்டிய இடத்தில், ஒரே ஒரு சொல். 'பழம்.'

"இது என்னம்மா, அச்சுப்பிழையா?" என்றேன்.

"இல்லண்ணே, அதேன் ரூல்சு" என்றாள் அவள், ஒன்றும் தெரியாதவனைப் பார்க்கிற மாதிரி. "சாமியும் சாமியும் சண்ட போடாதுல்ல? ஆட்டம் போய்க்கிட்டே இருக்கும். எழுத்துப்பேய் யாருக்கு வருதோ அவுக எதிர்ல இருக்குறவுககூட பழம் விட்டுறணும். அத்தோட ஆட்டம் முடிஞ்சுரும்." சொல்லிவிட்டு எதிரே இருந்த பையனிடம் இரண்டு விரலை நீட்டினாள். அவனும் நீட்டித் தொட்டான்.

"இந்தச் சீட்ட எனக்குத் தருவியா?"

"தர மாட்டேன். இது இல்லாட்டி ஆட்டம் முடியாது."

அன்று மாலையே அந்தத் தெருவுக்குப் போனேன். எட்டு வருடமாகச் சுற்றிக்கொண்டு போன தெரு, நடந்தால் நாலே நிமிடம்தான். கொல்லைப்பக்கத் தொழுவத்தில் ஒரு செவலைப் பசுவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தார். தலை நரைத்திருந்தது. முழங்கைக்கு மேல்வரை நீளக் கையுறை. என்னைப் பார்த்ததும், "அடடே, வாங்க தம்பி" என்றார், நேற்றுத்தான் பார்த்த மாதிரி. வழியெல்லாம் சேர்த்து வைத்திருந்த வார்த்தைகளில் ஒன்றுகூட எனக்கு வரவில்லை. எம்.ஏ. தமிழ் எதற்கும் உதவவில்லை. இரண்டு விரலை மட்டும் நீட்டினேன்.

அவர் என் விரலைப் பார்த்தார். தன் கையைப் பார்த்தார்.

"இருங்க தம்பி, கை கழுவிட்டு வந்துர்றேன்" என்றார்.

அவர் வரும்வரை விரலை மடக்காமல் நின்றுகொண்டிருந்தேன்.